மூளைக்காக உடற்பயிற்சி: ஆய்வுகளைக் கொண்டு ஒரு வாரத் திட்டம் அமைப்பது எப்படி

மூளையின் எடை, உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு. ஆனால் ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு செலவாளியான உறுப்பு தனக்கென்று சேமித்து வைக்கும் எரிபொருளோ மிகச் சொற்பம் என்பதால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 மில்லிலிட்டர் ரத்தம் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். சில நொடிகள் நின்றாலே நினைவு தப்பிவிடும். இதயமும் நுரையீரலும் ரத்தக் குழாய்களும் எந்த நிலையில் இருக்கின்றனவோ அதற்கேற்பவே மூளைக்கும் வாய்க்கிறது. ஆகவே, ‘மூளைக்கென்றே உருவாக்கப்பட்ட பயிற்சி’ என்று சொல்லி விற்கப்படும் எதையும் இந்த வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை. இதய, நுரையீரல் திறனை உயர்த்துவது எப்படி, கற்கும் வேலையோடும் உட்கார்ந்து செய்யும் வேலையோடும் அதைப் பொருத்துவது எப்படி, பலனாக எவ்வளவு எதிர்பார்ப்பது என்பவைதான் இதன் பொருள்.

எதிர்பார்ப்பை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள்

இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று 2011-இல் அமெரிக்க ஆய்வாளர் கர்க் எரிக்சன் குழுவினர் வெளியிட்டது. 55 முதல் 80 வயது வரையிலான, அதிகம் உடலசைவு இல்லாமல் வாழ்ந்த 120 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரை வாரத்துக்கு மூன்று நாள் வேகநடை நடக்கவும், மற்றவர்களைத் தசை நீட்டும் பயிற்சியும் உடல்வலுப் பயிற்சியும் செய்யவும் வைத்தார்கள். ஓராண்டு முடிவில், நினைவுகளைப் பதிவதில் முக்கியப் பங்கு வகிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி நடந்தவர்களிடம் ஏறத்தாழ 2 விழுக்காடு பெரிதாகியிருந்தது. மற்றக் குழுவில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு சுருங்கியிருந்தது. ‘நடந்தால் மூளை வளரும்’ என்ற தலைப்புகள் பலவற்றின் பிறப்பிடம் இதுதான். ஆனால் அந்தத் தலைப்புகளில் வராத ஒரு செய்தியும் அதே ஆய்வில் உண்டு: இடம் சார்ந்த நினைவுத் தேர்வில் இரண்டு குழுக்களும் முன்னேறியிருந்தன. அதாவது மூளையின் ஸ்கேன் படத்தில் தெரிந்த வேறுபாடு, தேர்வு மதிப்பெண்ணில் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

பிற்பாடு வந்த பெரிய ஆய்வுகள் எல்லாம் இதை அப்படியே ஆமோதிக்கவில்லை. 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்த ‘லைஃப்’ ஆய்வு (2015), மிதமான பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களுக்கும் உடல்நலக் கல்வி மட்டும் பெற்றவர்களுக்கும் அறிதிறனில் (நினைவு, கவனம், சிந்தனை ஆகியவற்றின் திறனில்) வேறுபாடு எதையும் காணவில்லை. நலமாக உள்ளவர்களைப் பற்றிய 24 தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுபவை) ஒன்றுசேர்த்து 2023-இல் வெளிவந்த மறு ஆய்வு, சிறிய பலன் தென்படுவதாகவும், சாதகமான முடிவுகள் மட்டும் அதிகம் அச்சேறும் போக்கைக் கணக்கில் எடுத்தால் அதுவும் ஏறக்குறைய மறைந்துவிடுவதாகவும் கூறியது. மறதிநோய் ஏற்கெனவே தொடங்கியவர்களிடம் கடினப் பயிற்சியைச் சோதித்த பிரிட்டன் ஆய்வில் (2018) உடல் திறன் கூடியது. அறிதிறன் சரிவு குறையவில்லை.

இவற்றைப் படித்துவிட்டு, பயிற்சியால் மூளைக்குப் பயனே இல்லை என்று முடிவு கட்டுவதும் அவசரமே. ஓராண்டு, ஈராண்டு ஆய்வுகள் பிடிக்க முடியாத நீண்டகாலப் பலன் வேறு வழியாக வருகிறது. உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, உடற்பருமன், மனச்சோர்வு, உடலுழைப்பின்மை ஆகிய ஐந்தும், மறதிநோய்க்கான மாற்றக்கூடிய காரணிகள் என்று 2024-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் வகுத்த 14-இல் அடங்கும். முறையான பயிற்சி இந்த ஐந்தையும் தொடுகிறது. என் கருத்தில், ‘நினைவாற்றல் கூர்மையாகும்’ என்ற ஆசையில் தொடங்குகிறவர் மூன்றாம் மாதத்தில் ஏமாந்து நிறுத்துவார். ‘என் ரத்தக் குழாய்களைக் காக்கிறேன்’ என்று தொடங்குகிறவர் பத்தாண்டு தொடர்வார். மூளைக்கு வேண்டியது அந்தப் பத்தாண்டுதான்.

வேகத்தைக் கணிப்பது

பெரும்பாலான திட்டங்கள் தவறிப்போகும் இடம் இது. நிமிடங்களை எண்ணுவது எளிது. எவ்வளவு கடினமாகச் செய்கிறோம் என்பதை அளப்பது கடினம். உலாவுவதுபோல் நடந்த முப்பது நிமிடமும், மூச்சு வாங்க நடந்த முப்பது நிமிடமும் நாட்குறிப்பில் ஒன்றுபோலவே பதிவாகும். இதயம் அவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை.

கருவி எதுவும் வேண்டாத முறை, பேச்சைக் கொண்டு சோதிப்பது. நடந்துகொண்டே முழு வாக்கியங்களில் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். சில சொற்களுக்கு ஒருமுறை நின்று மூச்சை இழுத்தால்தான் பேச்சு தொடரும் என்றால் அது கடின வேகம். பாடவும் முடிகிறது என்றால் நீங்கள் இன்னும் பயிற்சியைத் தொடங்கவில்லை என்று கொள்ளலாம்.

இதயத் துடிப்பைக் கொண்டு கணிக்க விரும்புவோர், நிமிடத்துக்கு உச்சத் துடிப்பு எவ்வளவு என்று காண உதவும் ‘220-இலிருந்து வயதைக் கழி’ என்ற பழைய வாய்ப்பாட்டை அறிந்திருப்பார்கள். 2001-இல் முன்வைக்கப்பட்ட இன்னொரு வாய்ப்பாடு, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்கச் சொல்கிறது. நடுவயதைக் கடந்தவர்களுக்கு இதுவே உண்மைக்குச் சற்று நெருக்கமாக வருகிறது. இரண்டுமே சராசரிகள்தான் என்பதால், ஒரு தனிமனிதரின் உண்மையான உச்சத் துடிப்பு பத்துக்கு மேலும் கூடவோ குறையவோ இருக்கலாம். கணக்கு இப்படி நடக்கும்: இரண்டாவது வாய்ப்பாட்டின்படி 50 வயதுள்ள ஒருவரின் உச்சத் துடிப்பு ஏறத்தாழ 173. காலையில் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன் எண்ணிய ஓய்வுத் துடிப்பு 70 என்றால், இரண்டுக்கும் இடையிலான 103 அவருடைய கையிருப்பு. இதில் 40 விழுக்காட்டை ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் 111 வரும். 60 விழுக்காட்டைக் கூட்டினால் 132. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது மிதமான வேகம். 132-க்கு மேல் போனால் கடின வேகம். ரத்த அழுத்தத்துக்காகவோ இதயத்துக்காகவோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்வோரின் துடிப்பு செயற்கையாகக் குறைந்திருக்கும் என்பதால் இந்தக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. பேச்சுச் சோதனையே அவர்களுக்கு ஏற்றது.

கடினம் கூடக் கூட மூளைக்கு நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. மிதமான வேகம்வரை உடல் உழைக்க உழைக்க மூளைக்குப் போகும் ரத்தமும் கூடுகிறது. ஆனால் ஒருவர் உட்கொள்ளக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டியதும் நிலைமை திரும்புகிறது. மூச்சு மிக வேகமாகி, ரத்தத்திலுள்ள கார்பன் டைஆக்சைடு வெளியேறிவிடுவதால், அந்த வாயுவின் அளவைப் பார்த்தே விரிந்து சுருங்கும் மூளைத் தமனிகள் இறுகத் தொடங்குகின்றன. ரத்த ஓட்டம் ஓய்வு நிலையை நோக்கி இறங்குகிறது. அந்த நேரத்தில் மூளை தசைகளிலிருந்து வரும் லாக்டேட்டையும் எரிபொருளாக்கிக்கொள்கிறது. கழிவு என்று நெடுங்காலம் பழி சுமந்த பொருள் இது. அந்தப் பெயரை மாற்றுவதில் 1980-களிலிருந்து அமெரிக்க உடலியலாளர் ஜார்ஜ் புரூக்ஸ் செய்த ஆய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. முழு வேகத்தில் ஓடும்போது எளிய கூட்டல் கணக்கும் தடுமாறுவது உங்கள் குறையன்று; அந்த வேகத்தில் சிந்திக்க வேண்டிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

தொடக்கமும் ஏற்றமும்

மார்பு வலி, சிறு உழைப்புக்கே மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை இருந்தாலோ, இதய நோயோ கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமோ நீரிழிவோ இருந்தாலோ மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

மேலே சொன்ன எரிக்சன் ஆய்வின் முடிவைவிட அதன் பயிற்சி ஒழுங்கே நமக்கு அதிகம் உதவும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நெடுநாள் உட்கார்ந்தே பழகியவர்களை அது காயமின்றி மேலே கொண்டுவந்தது. முதல் வாரம் ஒரு தடவைக்கு 10 நிமிடம் மட்டுமே நடந்தார்கள். ஒவ்வொரு வாரமும் 5 நிமிடம் கூட்டி, ஏழாம் வாரத்தில் 40 நிமிடத்தை எட்டினார்கள். அந்த ஏழு வாரமும் துடிப்புக் கையிருப்பில் 50 முதல் 60 விழுக்காட்டிலேயே நின்றார்கள்; அதற்குப் பிறகுதான் 60 முதல் 75 விழுக்காட்டுக்கு உயர்ந்தார்கள். முதலில் நேரம், பிறகு வேகம் என்ற வரிசையைக் கவனியுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டுகிறவர்களுக்குத்தான் முழங்காலும் குதிகாலும் முதலில் எதிர்ப்புத் தெரிவிக்கும். நீங்களும் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம். மூன்று நாள்களும் அடுத்தடுத்து வராமல், இடையில் ஒரு நாளாவது ஓய்வு இருக்கட்டும்.

மூன்று நாள் நாற்பது நிமிடம் என்றால் வாரத்துக்கு 120 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்கு வகுத்த அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடின உழைப்பு, அல்லது இரண்டும் கலந்த ஈடு. எட்டாம் வாரத்தில் நான்காவது நாளைச் சேர்த்தால் அந்த எல்லைக்குள் வந்துவிடுவீர்கள். நடைதான் என்றில்லை, மிதிவண்டி, நீச்சல், மேட்டில் ஏறுதல் என்று பெரிய தசைகள் தொடர்ந்து இயங்கும் எதுவும் போதும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு மிதிவண்டியும் நீச்சலும் நல்லவை.

மூன்று நான்கு மாதம் தடையின்றிக் கடந்தவர்கள், விரும்பினால், வாரத்தில் ஒரு நாளை இடைவேளைப் பயிற்சியாக மாற்றலாம். நோர்வே ஆய்வாளர்களால் பரவலான முறைப்படி, பத்து நிமிடம் உடலைச் சூடேற்றிய பின், உச்சத் துடிப்பில் 85 முதல் 95 விழுக்காட்டை எட்டும்படி 4 நிமிடம் உழைத்து, 3 நிமிடம் மெதுவாக இயங்கி, இதை நான்கு முறை செய்வார்கள். உச்ச ஆக்சிஜன் திறனை உயர்த்துவதில் இது மிதமான பயிற்சியை முந்துகிறது. மூளைக்கும் அதே அளவு கூடுதல் பயன் உண்டு என்பதற்குச் சான்று அவ்வளவு வலுவாக இல்லை, ஆகவே பிடிக்காதவர்கள் குற்ற உணர்வின்றி விட்டுவிடலாம்.

வலுப்பயிற்சியை விட்டுவிட வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள், உடலின் முக்கியத் தசைத் தொகுதிகள் எல்லாம் வேலை செய்யும்படி அது அமைய வேண்டும். வான்கூவரில் 65 முதல் 75 வயது வரையிலான 155 பெண்களிடம் நடந்த ஆய்வில் (2010), ஓராண்டு எடைப் பயிற்சி செய்தவர்கள், ஒன்றைக் கவனிக்கும்போது மற்றொன்றை ஒதுக்கும் திறனைச் சோதிக்கும் தேர்வில் முன்னேறினார்கள். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கீழே விழுந்து தலையில் அடிபடாமல் இருப்பதும் மூளையைக் காப்பதுதான்.

கற்கும் நேரத்தோடு பொருத்துவது

ஒரு தடவைப் பயிற்சிக்கும் உடனடியான விளைவு ஒன்று உண்டு. ஏறத்தாழ 20 நிமிட மிதமான உழைப்பு முடிந்து, மூச்சு அடங்கிய சில நிமிடங்களுக்குப் பிறகு, கவனமும் தன்னை அடக்கிச் செயல்படும் திறனும் சிறிதளவு கூடுகின்றன. விளைவு சிறியது, சிறிது நேரமே நீடிப்பது. எனினும் செலவில்லாதது, ஆகவே கவனம் அதிகம் வேண்டிய வேலைக்கு முன் ஒரு வேகநடையை வைத்துக்கொள்வதில் இழப்பு ஒன்றுமில்லை.

கற்றதை மனத்தில் நிறுத்துவதற்கு எப்போது பயிற்சி செய்வது என்ற கேள்வி இன்னும் சுவையானது. நெதர்லாந்தில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், 72 பேர் படங்களையும் அவை திரையில் இருந்த இடங்களையும் இணைத்து நினைவில் வைத்தார்கள். ஒரு குழு உடனே 35 நிமிடம் மிதிவண்டிப் பயிற்சி செய்தது. இன்னொன்று நான்கு மணி நேரம் கழித்துச் செய்தது. மூன்றாவது குழு செய்யவே இல்லை. இரண்டு நாள் கழித்துச் சோதித்தபோது, நான்கு மணி நேரம் கழித்துச் செய்தவர்களே அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். உடனே செய்தவர்கள் செய்யாதவர்களைவிட மேலாக இல்லை. ஆனால் 2012-இல் டென்மார்க்கில் கைத்திறன் ஒன்றைக் கற்றவர்களிடம் நடந்த ஆய்வில், கற்று முடித்த உடனேயே கடினமாக மிதிவண்டி மிதித்தவர்கள்தான் ஒரு வாரம் கழித்து அந்தத் திறனைச் சிறப்பாகத் தக்கவைத்திருந்தார்கள்.

இரண்டும் முரண் என்பதைவிட, படித்து நினைவு வைப்பதும் கை பழகுவதும் வெவ்வேறு வகைப் பதிவுகள் என்று கொள்வதே பொருத்தம். இசைக்கருவி, தட்டச்சு, விளையாட்டு நுணுக்கம் போன்றவற்றைப் பழகுகிறவர்கள் பழகிய கையோடு பயிற்சிக்குப் போகலாம். பாடம் படிக்கிறவர்கள் காலையில் படித்து மாலையில் ஓடலாம். இரண்டும் சிறிய ஆய்வுகள் என்பதால், உங்கள் நாளொழுங்கு இதற்கு இடம் தராவிட்டால் நேரத்தை எண்ணி வருந்த வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: உறங்கப் போவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் கடினப் பயிற்சி. நினைவுகள் உறுதிப்படுவது உறக்கத்தில். உறக்கத்தைக் கெடுத்துப் பயிற்சி செய்வது முதலுக்கே மோசம்.

உட்கார்ந்திருக்கும் மணி நேரங்கள்

காலையில் நாற்பது நிமிடம் நடந்துவிட்டு எட்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழாமல் இருப்பவர்கள் உண்டு. அலுவலகப் பணியாளர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில் (2018), நான்கு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தபோது மூளைக்குச் செல்லும் ரத்த ஓட்டம் குறைந்தது. அரை மணிக்கு ஒருமுறை 2 நிமிடம் நடந்தபோது குறையவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சேர்த்து வைத்து 8 நிமிடம் நடந்தது அதே காப்பைத் தரவில்லை. தொலைபேசி அழைப்புகளை நின்று, நடந்து பேசுவது, தண்ணீரை மேசைக்கு எட்டாத இடத்தில் வைப்பது என்று அரை மணிக்கு ஒருமுறை எழ உங்களுக்கு நீங்களே காரணங்களை உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

எதை அளப்பது, எதை அளக்காமல் விடுவது

கைப்பேசியில் உள்ள ‘மூளை விளையாட்டு’ மதிப்பெண்ணை முன்னேற்றத்தின் அளவாகக் கொள்ளாதீர்கள். ஒரே தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதினால் யாருடைய மதிப்பெண்ணும் ஏறும். ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழு ஒன்று வைக்கப்படுவதற்கு ஒரு காரணம் இதுதான். வீட்டில் உங்களுக்கு அப்படி ஒரு குழு கிடையாது. ரத்தத்தில் பி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிப் புரதத்தைச் சோதித்துப் பார்க்கலாமா என்ற கேள்வியும் எழுகிறது. 1982-இல் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அந்தப் புரதம் நரம்பணுக்களின் இணைப்புகளுக்கு இன்றியமையாதது. பயிற்சிக்குப் பின் ரத்தத்தில் சிறிது நேரம் உயர்வதும் உண்மை. ஆனால் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில்) அளக்கப்படுவதில் பெரும்பகுதி ரத்தத் தட்டணுக்களிலிருந்து வருவது. அந்த எண் மூளையில் நடப்பதை நேராகக் காட்டுவதில்லை. பணத்தை வீணாக்க வேண்டாம்.

வீட்டில் நம்பத்தக்க அளவுகள் மூன்று உள்ளன: காலை ஓய்வுத் துடிப்பு, ரத்த அழுத்தம், ஒரே பாதையை ஒவ்வொரு முறையும் அதே அளவு நேரத்தில் நடந்து முடிக்கும்போது எட்டும் துடிப்பு. மாதம் ஒருமுறை, ஒரே வேளையில், வெயிலும் உறக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும் நாளில் அளந்து எழுதிவையுங்கள். அதே வேகத்துக்கு இதயம் குறைவாகத் துடிக்கிறது என்றால் திட்டம் வேலை செய்கிறது. இரண்டு மாதமாக அசைவே இல்லை என்றால் வேகத்தைச் சற்றுக் கூட்டுங்கள். ஓய்வுத் துடிப்பு வழக்கத்தைவிடத் தொடர்ந்து சில நாள் உயர்ந்தே நின்று, உறக்கமும் கெட்டிருந்தால் கூட்டாதீர்கள், குறையுங்கள். அது சோர்வு மிகுந்ததன் அறிகுறியாகவோ காய்ச்சலுக்கு முன்னோட்டமாகவோ இருக்கலாம்.

இடையில் நின்றுபோனால்

பல ஆண்டுகள் ஓடிப் பழகிய, 50 வயதைக் கடந்த ஓட்டக்காரர்கள் பத்தே நாள் பயிற்சியை நிறுத்தியபோது, ஹிப்போகாம்பஸ் உள்ளிட்ட சில பகுதிகளுக்குச் செல்லும் ரத்த ஓட்டம் குறைந்ததை 2016-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. அவர்களின் அறிதிறனில் அந்தப் பத்து நாளில் மாற்றம் தெரியவில்லை. இடைவெளி ஒரு வாரத்துக்குள் என்றால் விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டினால் நிமிடங்களைப் பாதியாக்கி, வேகத்தை மிதமான அளவிலேயே வைத்து, வாரத்துக்கு 5 நிமிடம் என்ற பழைய ஏற்றத்தைத் திரும்பத் தொடங்குங்கள். காய்ச்சல் இருக்கும் நாளில் பயிற்சி கூடாது. காய்ச்சல் விட்ட பிறகும் படியேறும்போது வழக்கமில்லாத மூச்சிரைப்போ படபடப்போ தெரிந்தால், அது தீரும்வரை மெதுவான நடைக்கு மேல் போகாதீர்கள். மார்பு வலியோ மயக்கமோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.